டாக்டர் சொன்ன ஆறு மாதம்

வதினா,

போன வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மழையில் நனைந்ததுதான், வேறொன்றுமில்லை. கடைத்தெருவில் இருக்கும் வயதான டாக்டரிடம் போனேன். அவர் பழுப்பு நிறப் பாட்டிலைத் திறந்து, குச்சி முனையில் சுற்றிய பஞ்சை அதில் நனைத்து, வாயைத் திறக்கச் சொன்னார். அந்த மருந்தின் வாசனை மூக்கில் ஏறியதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மாத்திரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருஷம் தினமும் உன் தொண்டைக்கு நான் தடவிவிட்ட மருந்து அது. கச்சேரிக்குப் போகும் வேனில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால், தலையில் வைத்திருந்த மல்லிகைக்கும் முன்னால் அந்த வாசனைதான் வரும்.

நீ போய் ஐந்து வருஷமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, அண்ணிக்கு நம் வீட்டுத் தெலுங்கில் சொல்லும் ‘வதினா’ என்ற ஒரு சொல்லோடு எழுந்துவிட்டிருக்கிறேன்.

ஆர்.கே.பேட்டையில் தறி போட்ட வீட்டிலிருந்து என் அண்ணனுக்கு மனைவியாக நீ திருத்தணிக்கு வந்தபோது உனக்கு இருபது வயது, எனக்குப் பதினெட்டு. எங்கள் வீட்டில் தறி கிடையாது. நைனா பத்திரம் எழுதுகிறவர். பேனா ஓடும் சத்தம் மட்டுமே கேட்கும் வீடு. வந்த முதல் வாரமே அந்த அமைதி உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க ஊட்ல நாலு தறி ஓடிக்கினே இருக்கும். அதுக்கு மேல கேக்கணும்னா அடிவயித்துல இருந்து பாடணும். இங்க வாயைத் தொறக்கவே பயமா கீது,” என்றாய். நீ பாடுவாய் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிந்தது அந்த வருஷ ஆடிக் கிருத்திகையில். மலையடிவாரத்தில் பஜனைக் கோஷ்டியோடு நீயும் பாட உட்கார்ந்தாய். உன் முறை வந்தபோது மைக் செட் செத்துவிட்டது. மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், நீ நிறுத்தவில்லை. காவடி எடுத்துப் படி ஏறிக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மேலே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முரட்டு ஆள், தோளில் காவடியோடு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு இன்னிசைக் குழுக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். நைனா கூடாது என்றார். அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, என்னைக் காட்டி, சரளாவும் கூடப் போவதாக இருந்தால் போகட்டும் என்றான். அப்படித்தான் உன் பாட்டோடு என் வாழ்க்கையும் புறப்பட்டது. அரக்கோணம், காஞ்சிபுரம், சோளிங்கர். எல்லை தாண்டினால் நகரி, புத்தூர். இங்கே தமிழில் பாடிய பாட்டையே அங்கே தெலுங்கில் பாடுவாய். சினிமாப் பாட்டுக்காகக் கூடியவர்கள், நீயே கட்டிய அந்த முருகன் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கலைவார்கள். கேட்டது எதையும் கொடுக்காத சாமியைப் பார்த்து, கோபமில்லாமல், ஏன் என்று கேட்கிற பாட்டு அது. நகரியில் ஓர் அம்மாள் மேடை ஏறி வந்து, உன் தொண்டையில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? அந்த மாதம்தான் அவள் மகளைப் பறிகொடுத்திருந்தாள். அவள் கையை எடுக்கும்வரை நீ அசையவில்லை.

போஸ்டரில் உன் பெயர் எல்லாருக்கும் மேலே வந்தது. பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கும் சேர்த்துத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு மெட்ராஸிலிருந்து ஆள் வந்தது. ஓர் இசையமைப்பாளர் அரக்கோணத்தில் உன்னைக் கேட்டிருந்தார். காலை ரயிலில் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ தனியாக நின்று பாடினாய். மூன்றாவது முறை பாடி முடித்ததும் வயலின்காரர்கள் வில்லால் தங்கள் ஸ்டாண்டைத் தட்டினார்கள். அது அவர்கள் கைதட்டும் முறையாம். படம் வரட்டும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

படம் திருத்தணிக்கு வந்த அன்று நம் தெருவே தியேட்டரில் இருந்தது. ஆர்.கே.பேட்டையிலிருந்து உன் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாட்டு தொடங்கியது. அது உன் குரல் இல்லை. பெரிய பாடகி ஒருவருக்குச் சொல்லிக்காட்டத்தான் உன்னைப் பாட வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிய இரண்டு வரி ஆனது. உனக்கு முதல் எழுத்திலேயே புரிந்திருக்கும். நீ எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். கடைசிவரை இருந்து படத்தைப் பார்த்தாய். வெளியே வந்ததும் தெருக்காரர்கள் உன்னைப் பார்க்காமல் ஒவ்வொருவராக விலகி நடந்தார்கள். நீயே உன் அப்பாவிடம் போய்ச் சொன்னாய்: “நல்லாத்தான் பாடிக்கீறாங்க நைனா. மூச்சு வுட்ட எடம் மட்டும் என்னுது.”

அதற்குப் பிறகு நீ வெறி பிடித்தாற்போலப் பாடினாய். வாரத்துக்கு இரண்டு கச்சேரி என்பது ஐந்தானது. ஜுரத்தோடு பாடினாய். குரல் கம்மத் தொடங்கியது. காலையில் பேச்சு வர நேரமானது. உள்ளூர் டாக்டர் மருந்து தடவச் சொன்னார். தடவினோம். ஒரு வருஷம் தடவினோம். கடைசியில் அண்ணன் நம் இருவரையும் மெட்ராஸில் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனான்.

இனி எழுதப்போவதை உன்னிடம் நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் உன்னைப் பரிசோதித்து முடித்தபோது அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தான். இங்கிலீஷ் தெரிந்தவர் யார் என்று கேட்டார். டைப்பிஸ்டுக்குப் படித்தவள் நான்தானே. என்னை உள்ளே கூப்பிட்டார். குரல்வளையில் ஏதோ வளர்ந்திருக்கிறது, உடனே சதையெடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஆறு மாதம் பாடக்கூடாது, முடிந்தால் பேசவும் கூடாது என்றார். அதை ஒரு சீட்டிலும் எழுதி ஃபைலில் வைத்தார்.

வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று வாரம் இருந்தது. உன் பாட்டைக் கேட்டு நாடா போடுவதற்காக ஒரு கேசட் கம்பெனிக்காரர் மலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த முறை உன் குரலே வரும், உன் படமே அட்டையில் இருக்கும் என்று நீ நம்பியிருந்தாய். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்: “டாக்டர் இன்னா சொன்னாரு சரளா?”

“கொஞ்ச நாளு ஜாஸ்தி பேச வேணாமாம்,” என்றேன்.

“பாடலாமா?”

“ஆங். பாத்துப் பாடச் சொன்னாரு.”

அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். கிருத்திகை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம், மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்ன பொய் என்றும் பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீ பாடாவிட்டால் நானும் வீட்டில் உட்கார வேண்டும். வேன் இல்லை, மேடை இல்லை, எழுந்து இடம் கொடுப்பவர் இல்லை. அதுவும் என் மனதில் இருந்தது.

கிருத்திகையன்று கேசட்காரர் முன்வரிசையில் இருந்தார். உன் முருகன் பாட்டில் உச்சிக்குப் போகும் இடத்தில் குரல் உடைந்தது. காற்று மட்டும் வந்தது. நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மறுபடி முயன்றாய். கூட்டம் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. யாரோ ஒருவர் அரோகரா என்று தொடங்க, அத்தனை பேரும் சேர்ந்து உன் மௌனத்தை மூடப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியபோது முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

அந்த வாரமே உண்மையைச் சொன்னேனா என்றால், இல்லை. கிருத்திகையில் பட்ட அடி போதாதா என்று தள்ளிப் போட்டேன். அது நான்கு மாதம் ஆனது. மூச்சு முட்டத் தொடங்கியபோதுதான் மறுபடி மெட்ராஸ் போனோம். பெரிய டாக்டர் அப்போது ஊரில் இல்லை; வேறொருவர்தான், அவசரத்தில் பழைய சீட்டைக் கவனிக்காமலே, குரல்வளையை எடுத்தார். கழுத்தில் ஒரு துளை வைத்து, அதன் வழியே மூச்சு விடப் பழக்கினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் உனக்கு ஒரு சிலேட்டு வாங்கி வைத்தோம். வேண்டியதை அதில் எழுதுவாய். எதை எழுதினாலும் முதலில் என் பெயர் இருக்கும். ‘சரளா, தண்ணி.’ ‘சரளா, ரேடியோவ நிறுத்து.’ ‘சரளா, நீ சாப்ட்டியா.’

மூன்றாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது ஓர் இளம் டாக்டர் உன் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பழைய சீட்டு அவர் கையில் சிக்கியது. தமிழில்தான் கேட்டார். “ஆறு மாசம் பாடக் கூடாதுன்னு அப்பவே எழுதியிருக்காரே. டெஸ்டுக்கு ஏன் வரல?” அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆஸ்பத்திரியில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நீ மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அடையாளம் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். பிறகு சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாய்.

அதற்குப் பின் ஒன்றரை வருஷம் இருந்தாய். நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் கழுத்துத் துளையைத் துடைத்தேன். அண்ணனிடம் நீ சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. ஒரு முறை உன் காலடியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய்.

நீ போனபின் அந்தப் பெரிய டாக்டரிடமே போய்க் கேட்டேன். அந்த நான்கு மாதத்தை நான் தின்றிராவிட்டால் பிழைத்திருப்பாயா, குரலாவது மிஞ்சியிருக்குமா என்று. சொல்ல முடியாதம்மா என்றார். இரண்டு பக்கமும் சொல்ல முடியாதாம்.

மெட்ராஸில் நீ பாடியதையும் அழித்துவிட்டார்களாம்; உன் குரல் எந்த நாடாவிலும் இல்லை. கேட்டவர்கள் இருக்கும்வரை இருக்கும். அவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஊரில் எல்லாரும் என்னைப் புகழ்கிறார்கள், வதினா. அண்ணன் மனைவியை அப்படிப் பார்த்துக்கொண்டவள் இந்தத் திருத்தணியில் இல்லையாம். நான் மறுத்துப் பேசுவதில்லை.

கடைசிவரை நீ சிலேட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தாய். தண்ணி. வலி. ஜன்னல். கஞ்சி வேணாம். எல்லாவற்றையும் எழுதினாய். என் பெயரை மட்டும் அதற்குப் பிறகு ஒரு முறைகூட எழுதவில்லை.