புவனாவின் வலது கண்

1983 ஜூலை 11, திங்கள்
காலையில் தூறல். பத்திரிகைக்கு நகராட்சிச் செய்தி அனுப்பியாயிற்று. பிறகு பக்கத்து வீட்டு அஞ்சலையுடன் கண் ஆஸ்பத்திரி. கணவன் கோவிந்தனுக்கு மில்லில் பகல் ஷிப்டு. "டாக்டர் சொல்றத நீங்க கேட்டு எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றான்.

குழந்தை புவனா, பத்து மாதம். வலது மேலிமையில் நாவற்பழ நிறத்தில் வீக்கம். அழுதால் இன்னும் புடைக்கிறது. கண் பாதி மூடிக் கிடக்கிறது. டாக்டர் தொட்டதும் வீறிட்டாள். அஞ்சலை வெளியே தூக்கிப் போனாள். மீதியைக் கேட்டது நான் மட்டும்.

புற்று அல்ல. கண்குழியில் ரத்தக்குழாய்கள் கொத்தாக வளர்ந்திருக்கின்றன. அபூர்வம்; பெண் குழந்தைகளுக்கே அதிகம். சில வருடங்களில் தானே சுருங்கும். ஆபத்து வேறு: இமை மறைக்கும் கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிடும். பிறகு கட்டி வடிந்தாலும் பார்வை வராது. ஆகவே நல்ல கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் பிளாஸ்திரியால் மூட வேண்டும். மற்றதற்கு வேலை கொடுக்க.

பெண் குழந்தைகளுக்கே ஏன் அதிகம்? கேட்டேன். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றார் டாக்டர்.

சீட்டு எழுதி அஞ்சலையிடம் கொடுத்தேன்.

ஜூலை 14, வியாழன்
நல்ல வெயில். பிரெஞ்சு தேசிய தினம். பிரெஞ்சுப் படையில் இருந்த பென்ஷன்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம். எட்டு வரிச் செய்தி. டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க வேண்டும்.

குழாயடியில் எதிர்வீட்டம்மா: "மாசமா இருக்கசொல்ல கிரகணத்துல வெளிய போனியாடி?"
அஞ்சலை: "ஆமா, மாசமா இருந்த உங்கூடத்தான் ரேஷன் கடையில நின்னேன். உம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?"

ஆகஸ்ட் 1, திங்கள்
புழுக்கம். கோவிந்தன் வீட்டில் எட்டிப் பார்த்தேன். பிளாஸ்திரி வலது கண்மேல். கட்டியின் மேலேயே.

"இது இல்லம்மா, அந்தக் கண்ணு."
"இன்னா சார் சொல்றீங்க? நோவு இருக்கற எடத்துலதானே பிளாஸ்திரி போடுவாங்க?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து: 'தினம் இரண்டு மணி நேரம் கண்ணை மூடவும்.' எந்தக் கண் என்று இல்லை. மூன்று வாரம்.

என் தப்பு என்றேன். அஞ்சலை, "பார்வ போயிருக்குமா சார்?"

ஆக. 2, செவ்வாய்
டாக்டர்: "இன்னிக்கே மாத்துங்க. பாக்குதான்னு கவனிங்க." வேறு உறுதி தரவில்லை.

மாலை. இடது கண்ணை மூடினாள் அஞ்சலை. புவனா பிய்க்கப் பார்த்தாள். அரை மணி அழுகை. ஓய்ந்தாள். தரையில் ஒரு கட்டெறும்பு. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இமையின் கீழ் இடுக்கு வழியாக நோக்கினாள். விரல் நீட்டினாள். எறும்பு திரும்பியது. விரலும் திரும்பியது.

"கடிச்சுடும்டி!" என்றாள் அஞ்சலை. தூக்கவில்லை.