ஆட்கள் முன்னால் சொல்லக்கூடாத சொல்

ஒக்டோபர் 18, சனி

என் மகள் தர்ஷினி கலியாணம் செய்யப்போகிறவனின் தாய் மரைக்கே இன்றுதான் முதல்முறை எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு வந்தார். ஒல்லாந்தில் ஒரு சின்ன ஊர்க்காரர். அவருடைய இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோயின. தர்ஷினி சோபா நுனியில் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மரைக்கே தன் ஊரின் பழைய படங்களை எடுத்துக் காட்டினார். அவற்றைச் சேர்த்துவைப்பதுதான் அவருக்கு வேலையாம். வாய்க்கால், பாலம், மணிக்கூட்டுக் கோபுரம். ஒரு படத்தில், வாய்க்காலுக்கு மேலே பலகையால் அடித்த ஒரு சின்ன அறை. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அட, உது கக்கூசெல்லே!"

"அம்மா!" என்று தர்ஷினி முறைத்தாள். சின்ன வயதில் அந்தச் சொல்லுக்காக அவள் வாயிலேயே ஒன்று போட்டவள் நான்தான். "வாஷ்ரூம் எண்டு சொல்லு. வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்?"

மரைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டார். "காக்ஹெய்ஸ்! யெஸ், யெஸ், காக்ஹெய்ஸ்!" அது அவர்களுடைய சொல்லாம். அவர்களும் அதை விருந்தாளிகள் முன்னால் சொல்ல மாட்டார்களாம். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கோட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். தர்ஷினிக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளிக்கிடும் முன் மரைக்கே என் காதுக்குள் கேட்டார்: "கக்கூஸ், பிளீஸ்?"

முப்பது வருசமாக வெள்ளைக்காரருக்கு ஒளித்துவைத்த சொல். சொந்தக்காரியே வந்து கேட்டுவிட்டார்.