செத்துப்போன ஸ்கூட்டர் பேட்டரி

என் கண்ணுக்கு,

ஒரகடத்துல கவர்மெண்டு புதுசா கட்டின ஆராய்ச்சிக்கூடத்துக்கு, உன் மாமனோட கரெண்டு ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கிகினு போனேன்.

"ரிப்பேர் பண்றதில்ல பாட்டி. ஏன் செத்துச்சுன்னு பிரிச்சுப் பாப்போம்"னாங்க அங்க இருந்த மேடம்.

"செத்ததைப் பாத்து இன்னாம்மா ஆவப்போவுது?"

"அடுத்ததை நல்லா செய்யலாம். இப்படிப் பிரிச்சுப் பாக்க இங்க இருக்கிற கம்பெனிங்க பேட்டரியை ஜெர்மனிக்குத்தான் அனுப்புது. இனிமே இங்கயே நடக்கட்டும்னு அரசாங்கம் பணம் போட்டிருக்கு. மெஷின் வந்தாச்சு, வேலை தெரிஞ்ச ஆளுதான் இல்ல."

என் பேத்தி ஜெர்மனியில அதைத்தான் பண்ணுதுன்னு பெருமையா சொன்னேன்.

"திரும்பி வருவாங்களா?"

அதை உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. நீங்களே கேளுங்கன்னு உன் நம்பரைக் குடுத்துட்டேன். போன் வந்தா எடு.

உன் ஆயா