சிவப்பு வாளியின் விலை

ஜூன் 3
தொற்றுநோயால் என் பாத்திரக் கடை மூடிப் பதினெட்டு நாள். இந்த நோட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கும் என் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மனதில் உள்ளதை எழுதினால் பாரம் குறையுமாம். “நீதான சும்மா இருக்க, நீ எழுது” என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நர்ஸுகளுக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பும் உண்டாம். போனில் சொல்கிறாள்: “நாள் பூரா நாங்க மத்தவங்களுக்குப் பண்றதே அதான். எங்களுக்கே பாடம்!”

ஜூன் 5
ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறவள், இப்போது போனில் எதற்கும் “ம்”தான். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாளாம். பிறகு திடீரென்று, “அண்ணே, உன் கடையில அந்தச் சிவப்பு வாளி என்ன விலை?”

“உனக்கெதுக்குடி விலை? எடுத்துக்க.”

படக்கென்று போனை வைத்துவிட்டாள். இலவசம் என்றது ஒரு குற்றமா?

ஜூன் 6
குற்றம்தான். இன்று அவளே கூப்பிட்டாள். “வார்டுல எல்லார் தொண்டையிலும் குழாய். நானே பேசி நானே பதில் சொல்லிக்கிறேன். மல்லுக்கட்ட ஒரு ஆள் வேணும்ணே. நீயும் சரி சரின்னா?”

அட, இவ்வளவுதானா! “முந்நூறு” என்றேன்.

“வாளிக்குச் சொல்றியா, கிணத்துக்கா?”

ஜூன் 9
தினமும் அவள் வேலை முடிந்ததும் போனில் இருபது நிமிடம் பேரம். பத்து ரூபாய் சட்டென்று இறங்கினேன், கண்டுபிடித்துவிட்டாள். “இரக்கப்படாத. வியாபாரம் பண்ணு.”

என் மனைவி: “ஒரு வாளிய நாலு நாளா விக்கத் தெரியல, இதுல முதலாளியாம்.”

ஜூன் 12
அவளோடு வேலை செய்பவர்களும் போனில் பேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் குக்கர், ஒருத்திக்கு ஏணி. ஏணிக்காரி ஈவிரக்கமில்லாதவள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மனைவி வெந்நீரை நீட்டி, “மூச்ச நல்லா இழுத்து விடுங்க” என்கிறாள்.

ஜூன் 13
பேரத்தின் நடுவில் ஏணிக்காரி அழுதாள். நான் விலை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 20
தங்கையிடமிருந்து போன் இல்லை. பத்து மணிக்கு நானே கூப்பிட்டேன்.

“மறந்தே போச்சுண்ணே! ஏழாம் கட்டில் பெரியவருக்குக் குழாய் எடுத்தாச்சு. சூப் ரெண்டு ஸ்பூன் போதுங்கிறார், நான் பத்துங்கிறேன். குரலே வரல, விரலக் காட்டியே பேரம் பேசுறார்! ஆறுல முடிச்சேன்.”

“சரி... அந்தக் கடிதம்?”

“அந்தத் தாளோட பின்பக்கத்துலதான் அவர் ஸ்பூன் கணக்க எழுதி வச்சிருக்கேன். நாளைக்குப் பன்னெண்டு ஸ்பூன்ல ஆரம்பிக்கணும்.”

“வாளி?”

“உன் விலைக்கு எவன் வாங்குவான்? போண்ணே.”

வாளியைத் துடைத்து வைத்தேன். நாளை நானும் மறுபடி முந்நூறிலிருந்துதான்.