சாமியார் காலில் செருப்பு

சேசு மரி சூசை துணை

கீழக்குறுவாடி,
நீடாமங்கலம் வழி,
25-1-1970

அன்புள்ள என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சவரியம்மாள் எழுதிக்கொண்டது.

நானும் பிள்ளையும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பிள்ளை சுகம். மேல்பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். நான் சுகமில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன தடவை ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று துண்டால் வாயைப் பொத்தி இருமினீர்கள். ரத்தம் பட்ட துண்டை மடித்து மறைத்ததை நான் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

இங்கே தாளடி அறுப்பு தொடங்கிவிட்டது. நம் ஆட்களில் பாதிப் பேரை வயலில் இறங்க விடவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவருகிறார்கள். உதயசூரியனில் குத்தினால் நமக்கு விடியும் என்று போன எலெக்‌ஷனில் வீடு வீடாகச் சொன்னோம். போலீஸ் வேன் இப்போதும் சிங்காரவேலு மிராசுதார் வாசலில்தான் நிற்கிறது. இந்தக் கடிதத்தை ஜெயிலில் பிரித்துப் படிப்பார்களாம். படிக்கட்டும்.

நம் ஞானாதிக்கம் சாமியார் இறந்து வருகிற மாசியோடு ஒரு வருடம். வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் போட்டு அவர் உருவத்தைப் பித்தளைத் தகட்டில் வெட்டக் கொடுத்தோமே, அது தஞ்சாவூரிலிருந்து வந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற அரசப்பன்தான் போட்டோவைப் பார்த்து வெட்டியிருந்தார். அதே தாடி, அதே சிடுசிடுப்பு. அங்கிக்குக் கீழே வெறுங்கால். மேலத்தெருவில் நாம் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்றதற்காகத் தன் செருப்பையும் கழற்றி எறிந்தவர், சாகும்வரை போடவில்லையே. பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் அந்தக் கால்களைத் தொட்டுத் தொட்டு அழுதாள்.

தகட்டை மந்திரித்துக் கோயிலில் வைக்க ஆயர் வருகிறார். சாமியாருக்கு ஏன் செருப்பு இல்லை என்று அவர் கேட்டால் தன் மேலத்தெருவின் மானம் போகுமே என்று மிராசுதாருக்குப் பயம். ஆள் அனுப்பினார். செருப்பு வெட்டிவிட்டால், அவர் பண்ணையைப் பார்க்கிற காரியக்காரரின் கையை நீங்கள் ஒடித்ததாகப் போட்ட வழக்கை விட்டுவிட்டு ராஜிக்கு வருவாராம். இல்லாவிட்டால் சாட்சி சொல்ல ஆட்கள் தயாராம். ஒடித்தது நீங்கள் இல்லை என்று தெருவுக்கே தெரியும். கோர்ட்டில் நாம் சொன்னால் யார் கேட்பது?

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். உள்ளே இருப்பது உன் வீட்டுக்காரர், நீ சொல்வதுதான் முடிவு தங்கச்சி என்று தலைவர் தங்கையன் அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சாமியார்மேல்கூடக் கோபம் வந்தது. அவர் மோட்சத்தில் இருக்கிறார், அவருக்கு இருமல் இல்லை. வெட்டச் சொல்லுங்கள் என்றேன்.

தகட்டைப் பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் நான்தான் கொண்டுபோனேன். வெட்டினதை அப்புறம் அழிக்க முடியாது, யோசித்துச் சொல்லம்மா என்றார் அரசப்பன். யோசித்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், வெட்டுங்கள் என்றேன். உளிச்சத்தம் தாங்காமல் வெளியே வந்து நின்றேன். வார் வைத்த செருப்பு. வேலை நன்றாகத்தான் இருக்கிறது. நம் சாமியார் மாதிரி இல்லை.

அன்றிலிருந்து ரெங்கம்மாள் என்னோடு பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுகிறார்கள், இதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதற்கு ரெங்கம்மாளே தேவலை.

வியாழக்கிழமை வக்கீல் ராஜிப் பத்திரத்தோடு அங்கே வருவார். அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். விஷயம் அவர் வாயால் தெரிந்தால் அங்கேயே கிழித்துப் போடுவீர்கள். உங்கள் குணம் தெரிந்துதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். சாமியாருக்குத் துரோகம் செய்தவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என்னோடு பேசாமல் இருங்கள். நான் போடுகிற சோற்றைத் தொடாதீர்கள். நாலு பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டுங்கள். எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து செய்யுங்கள்.

கையெழுத்துப் போடுகிற வரைக்கும் ஆரோக்கிய மாதா உங்கள் கோபத்தைப் பிடித்து வைக்கட்டும்.

உங்கள்
சவரியம்மாள்