கவிஞரின் இரண்டு பற்கள்

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

கவிஞர் பிறந்த வீட்டை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்களே, அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை அவர் பிறந்த அறையைத் துடைக்கப் போனால், கயிற்றுக்கு அப்பால் நம் மரத்தொட்டில் நிற்கிறது, நீ செதுக்கிய ஒற்றைக்கால் சேவலோடு. அதை அந்தக் குளிர்காலத்திலேயே அடுப்பில் போட்டுவிட்டதாகத்தானே என்னிடம் சொன்னாய்?

காலணிமேல் கம்பளி உறை மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வழிகாட்டி ராலிட்சா விளிம்பில் பதிந்த பல்தடத்தைக் காட்டி, "கவிஞருக்கு முளைச்ச முதல் ரெண்டு பல்லு!" என்கிறாள்.

"அப்பவே அரசாங்கத்தைக் கடிக்கப் பழகியிருக்காரு போல" என்கிறான் ஒருவன். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் குனிந்து தரையைத் துடைக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று இயக்குநர் அம்மாளிடம் கேட்டேன்.

"எவனோ குடிகாரன் ஒரு பாட்டில் ராக்கியாவுக்குக் குடுத்துட்டுப் போனான். வெளியே மூச்சு விடாதே."

ஒரு பாட்டில். த்தூ!

உண்மை என் வாய்வரை வந்தது. சொன்னால் மறுநாளே தொட்டிலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் நானும் அந்தப் பொய்க்குக் காவல் நிற்கிறேன். உன்மேல் வந்த அருவருப்பு இப்போது என்மேலும் வருகிறது.

மாலையில் பூட்டுவதற்குமுன் கயிற்றைத் தாண்டிப் போய் அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்க்கிறேன். நம் பெண்ணுக்கு மூன்றாவது பல் முளைக்கவே இல்லை.

பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார். வீட்டுக்கு வராதே.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா