துறைமுகத்தை எரித்தவர்கள்

அன்புள்ள அம்மா, உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், இடது கண்ணைத் தவிர.

இணையக் கலைக்களஞ்சியத்தில் பழைய இத்தாலியத் துறைமுக நகரம் ஒன்றின் கட்டுரையை நானும் அறைத்தோழனும் மேம்படுத்தினோம். 'கடற்கொள்ளையர் நகரை எரித்தனர்' என்று அவன் எழுதுவான். அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நான் அழிப்பேன். பதினோராவது முறை, அவன் பக்கம் திரும்பி, "ஆதாரம் எங்கடா?" என்றேன். "இந்தாடா!" என்று ஆயிரம் பக்கப் புத்தகத்தை என் முகத்தில் எறிந்தான். உடனே நாற்காலியோடு என் கை ஓங்கியது. அவன் கை ஒடிந்தது.

பிறகு புத்தகத்தைப் பிரித்தால், அவன் எழுதியதுதான் அதில் இருந்தது.

அவன் வேறு அறைக்குப் போய்விட்டான். இங்கே தமிழ் பேச வேறு ஆளில்லை. நீ போன் செய்து, நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஆதாரம் கேட்டால், கட்டுரையில் அவன் வரி மறுபடி இருப்பதைப் பார்க்கச் சொல்.

கட்டு மாற்ற நர்ஸ் கூப்பிடுகிறார்.

உன் மகன்